கூட ஒரு கிளிஞ்சல்

சென்ற ஆண்டு இதே நாளில், இதே மணலில், ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். அதை நான் விழுங்கியதால் ஒரு மனிதர் ஓராண்டாகத் தலை குனிந்து நடக்கிறார். அதைச் சொல்லிவிட்டு இறங்கத்தான் இன்று இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். ஆனாலும் மரியாதை முதலில், மற்றவை பிறகு.

காய்ச்சலுக்கு மாத்திரையும் கவலைக்கு அதட்டலும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் மருந்துக்கடை அம்மா அவர்களே, இந்தக் கடற்கரைக் குடும்ப விழாவின் தலைவர் அவர்களே! கண்ணை மூடிக்கொண்டு அலையோசையைக் கேட்டே மாதத்தைச் சொல்லிவிடும் பெரியவர்களே! விடியுமுன் எழுந்து, சோறு கட்டி, துண்டு மடித்து, தொப்பி தேடி, எல்லோருடைய பொருளையும் எடுத்துவைத்துவிட்டுத் தங்கள் குடையை மட்டும் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கயிறிழுக்கும் போட்டிக்காக ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று தோளைத் தட்டிப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மார்களே! மணலில் மாளிகை கட்டிக்கொண்டே, "இந்த அக்கா எப்போ முடிப்பாங்க?" என்று முனகும் குழந்தைகளே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என்ன? கேட்கவில்லையா? "சத்தமா பேசும்மா!" என்கிறார் ஐஸ் வண்டிக்காரர். அண்ணே, நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் சம்பளம் வாங்குகிறேன். போன வாரம் அதே பலகைக்குக் கீழே நீங்கள் விட்ட குறட்டையில் பாதிச் சத்தம் எனக்கு இருந்தால், இந்த ஒலிபெருக்கியே வேண்டியிருக்காது!

சிரித்துவிட்டீர்கள். நல்லது. சிரித்த முகத்தோடே கேளுங்கள்.

இந்த ஆண்டு புதிதாகக் குடிவந்திருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். அதோ அந்தக் கம்பத்தில் பச்சைக் கொடி ஏறினால் நாம் தண்ணீரில் இறங்குவோம். சிவப்பு ஏறினால் கரையேறுவோம். கம்பத்தின் கீழே ஒரு கூடை. காலையில் வீட்டுக்கு ஒருவர் வந்து, எத்தனை பேர் வந்திருக்கிறார்களோ அத்தனை கிளிஞ்சலைக் கூடையில் போடவேண்டும். இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் ஒன்று. 'தண்ணீரில் கால் வைக்கவே மாட்டேன்' என்று சத்தியம் செய்துவிட்டு, முதல் ஆளாக முழங்கால் நனைக்கும் மாமியாருக்கும் ஒன்று. மாலையில் கரையேறும் ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு கிளிஞ்சலை எடுத்துக்கொள்ள வேண்டும். கூடை காலியானால் கடல் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் படகுத்துறைக் கயிற்றுக்கடைக்காரர். என் அப்பா. பத்தொன்பது ஆண்டுகள் அந்தக் கொடிக்கயிறு அவர் கையில் இருந்தது. "பேரை எல்லாம் நோட்டுல எழுதிக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? "பேரைக் கேட்டு, அப்பா பேரைக் கேட்டு, பக்கத்தைப் புரட்டித் தேடறதுக்குள்ள ஆள் முங்கிடும்மா. ஒண்ணு மிஞ்சினா ஒருத்தர் உள்ள இருக்காங்க. அவ்வளவுதான். யாருன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

யாரென்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்! இந்த ஒரு வரியை மனத்தில் வையுங்கள். திரும்ப வருவேன்.

சென்ற ஆண்டு விழா நாள். தண்ணீர் நேரம் முடிந்து, எல்லோரும் கிளிஞ்சல் எடுத்தாயிற்று. கயிறிழுக்கும் இறுதிப் போட்டிக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றாயிற்று. கடைசிக் கிளிஞ்சல் எப்போதும் அப்பாவுடையது. அதை எடுக்கக் கூடையில் கை விட்டார். இரண்டு இருந்தன.

அப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நடத்தியவர்களே நீங்கள்தானே! சிவப்புக் கொடி ஏறியது. சங்கு ஒலித்தது. இழுக்க எடுத்த கயிறு அப்படியே மணலில் விழுந்தது. ஆறு ஆண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத படகுப் பட்டறை அண்ணனும் தம்பியும் ஒரே படகில் ஏறினார்கள். யார் எந்தத் துடுப்பு என்று பேசிக்கொள்ளவும் இல்லை. சண்டை போட நேரம் எங்கே? பள்ளிக்கூடத்து ஆசிரியைகளும் தையற்கடை அக்காவும் இடுப்பளவு தண்ணீரில் கைகோர்த்து ஒரு வரிசையாக நடந்தார்கள். நானும் அந்த வரிசையில் இருந்தேன். கரையில் வீடு வீடாக எண்ணிப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் ஆள் சரியாக இருந்தது.

அப்போது ஒரு குரல்: "எல்லாரும்தான் இருக்காங்களே, வாங்கப்பா போகலாம்." பேக்கரிக்காரர் ஐந்தாவது முறை மூழ்கி எழுந்து, மூக்கில் தண்ணீர் வழிய, திரும்பிக் கேட்டார்: "யாராச்சும் தனியா வந்திருந்தா? அவங்களை யாருய்யா எண்ணுவா?" கேட்டுவிட்டு ஆறாவது முறை மூழ்கினார்.

அய்யா, இந்தப் பக்கம் பாருங்கள். வெட்கப்பட்டது போதும். தேர்ந்த சொற்பொழிவாளர்கள் பலரைப் படித்திருக்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு நீங்கள் கேட்ட அந்த ஒற்றைக் கேள்விக்கு இணையாக எதையும் நான் படித்ததில்லை.

இனி என் வாக்கியம்.

எனக்குப் பக்கத்தில் என் தம்பி நடந்துகொண்டிருந்தான். பல் தந்தியடிக்க, "பெரியக்கா மட்டும் இங்க இருந்திருந்தா, நீந்தியே இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பா" என்றான். பெரியக்கா. இருந்திருந்தால். என் கால் அப்படியே நின்றுவிட்டது.

அக்காவுக்குத் திருமணமாகி அன்றைக்கு மூன்று வாரம். ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில், கடலே இல்லாத ஊரில், அவள் கணவர், எங்கள் மாமாவின் வீட்டில் இருந்தாள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதலாய் எங்கள் வீட்டுக்குக் கிளிஞ்சல் போடுகிறவள் நான். அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. ஐந்து. அன்று காலையும் என் கை ஐந்தைப் போட்டது.

ஆம். அந்தக் கிளிஞ்சல் நான் போட்டது. இதுதான் அந்த வாக்கியம்.

கரைக்கு ஓடினேன். அப்பாவின் காதில் சொன்னேன்: "அப்பா, காலைல அஞ்சு போட்டுட்டேன்."

"அஞ்சா?"

"அஞ்சு."

என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். "போ, போய் அம்மா பக்கத்துல நில்லு" என்றார். ஒலிபெருக்கியை எடுத்தார். "எல்லாரும் கரைக்கு வாங்க. யாரும் தொலையலை. கூட ஒண்ணு நான்தான் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

அப்படியும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "எங்கடி இருக்கே?" "துணி காயப்போடறேன், ஏம்மா?" "ஒண்ணுமில்ல, கரையிலேயே இரு!" "கரையா? இங்க ஒரு வாய்க்கால்கூடக் கிடையாதேம்மா!"

சிரியுங்கள், சிரியுங்கள். அதோ மூன்றாவது வரிசையில் அக்காவும்தான் சிரிக்கிறாள். இப்போது சிரிக்கலாம். அன்று மாலையிலிருந்து நாம் சிரித்த சிரிப்பு வேறு. தேநீர்க்கடையில் ஒருவர், "கடலுக்குக் காவல், கூட்டலுக்குக் கோளாறு" என்றார். எங்கள் கயிற்றுக்கடைக்கு வந்த இன்னொருவர், "பத்து மீட்டர் கயிறு குடுங்க. கூட ஒண்ணு போடுவீங்கதானே?" என்றார். அப்பாவும் சிரித்தார். சிரித்தபடியே அளந்தார். அன்று கடையடைத்ததும் இரண்டு கொடிகளையும் மடித்து, விற்காத கயிறுகளுக்கு மேலே, உயரத் தட்டில் வைத்தார். பிறகு எடுக்கவே இல்லை.

நான் ஏன் சொல்லவில்லை? முதல் நாள் பயம். இரண்டாம் நாள் கூச்சம். மூன்றாம் மாதம் பழக்கம். அப்பாவின் முதுகு அகலமானது. அதன் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தாராளமாக இருந்தது.

அதன் பலனைப் பாருங்கள். கம்பம் வெறுங்கம்பமாக நிற்கிறது. கொடி பிடிக்க ஆளில்லை என்பதால் இந்த ஆண்டு கடலில் இறங்குவதில்லை, மணல் விளையாட்டு மட்டும் என்று விழாக்குழு முடிவெடுத்திருக்கிறது. கடலோரத்தில் பிறந்துவிட்டு, கடலைக் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மை போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் நம் பிள்ளைகள்!

கேட்கிறேன், சொல்லுங்கள். என் அப்பா எண்ணத் தெரியாதவரா?

"இல்லை"யா? இன்னும் உரக்கச் சொல்லலாம். இது நூலகம் இல்லை!

ஒன்று மிஞ்சியதும் ஒரு நொடியாவது தயங்கினாரா? யாராக இருக்கும், எவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று கணித்துக்கொண்டு நின்றாரா? நீங்கள்தான் நின்றீர்களா? சொந்த வீட்டில் ஆள் சரி என்று தெரிந்த பிறகும் கடலைவிட்டு ஏறாத ஊர் இது. பெயர் தெரியாத ஒருவருக்காக, முகம் தெரியாத ஒருவருக்காக, இல்லவே இல்லாத ஒருவருக்காக முக்கால் மணி நேரம் மூச்சடக்கி மூழ்கிய ஊர் இது! ஒருவர் கூடுதலாக எண்ணப்பட்டால் என்ன ஆகும்? ஐஸ் உருகும், போட்டி நிற்கும், மூழ்கி எழுந்த பட்டறைத் தம்பிக்கு ஒரு வாரம் காது அடைக்கும். ஒருவர் குறைவாக எண்ணப்பட்டால்? அதைச் சொல்லவே நாக்கு எழவில்லை. தப்பாக எண்ணினாலும் கூட்டி எண்ணும் கூடை நம் கூடை. அதைத் தூக்கிப் போடாதீர்கள்!

என் பையில் இருப்பவை அந்த இரண்டு கொடிகள். இன்று காலை ஏணி போட்டு, கேட்காமல் எடுத்து வந்தேன். தலைவர் அம்மா, மேசைமேல் வைக்கிறேன். கூட்டத்தின் கடைசியில், கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து, கயிறிழுக்கும் போட்டிக்கான கயிற்றை அரைமணி நேரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறாரே, அவரை யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் எழுந்து போய்விடுவார்.

அப்பா, தப்பு என்னோடது. ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். கொடி இங்கே இருக்கிறது.

அன்று மூழ்கியவர்களுக்கும், கைகோர்த்தவர்களுக்கும், உருகிய ஐஸைப் பாலென்று சொல்லிக் குழந்தைகளுக்கு ஊற்றிக் கொடுத்தவருக்கும், இத்தனை நேரம் மணல் சூட்டைப் பொறுத்துக்கொண்ட பாதங்களுக்கும் என் நன்றி. நான் அமைதி காக்கப் போகிறேன். வணக்கம்.

*

அப்பா மேடைப் பக்கம் வரவில்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கம்பத்தடிக்குப் போனார். மருந்துக்கடை அம்மாவே கொடிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்தரை மணிக்குப் பச்சை ஏறியது. அப்பா கூடையை என் பக்கமாக நகர்த்தி, "வாய்விட்டு எண்ணிப் போடு" என்றார். அப்பா, அம்மா, அக்கா, மாமா, அக்காவின் இரண்டு மாதக் குழந்தை, நான், தம்பி. ஏழு போட்டேன்.

மாலையில் எல்லோரும் எடுத்த பிறகு அப்பா கூடையில் கை விட்டார். ஒன்றுதான் இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.