சொல்லாமல் கொள்ளாமல் அறுந்த இணைப்பு

இரவு இரண்டு மணி. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் அந்தச் சாலையில் விளக்கே கிடையாது. ஒரு பக்கம் மூடிப்போன மரக்கிடங்கு, மறுபக்கம் துருப்பிடித்த கம்பி வேலி. வண்டி வெளிச்சம் எட்டும் தூரம்தான் சாலை... அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. கோடியில் ஒரே ஒரு வீடு. மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. அங்கிருந்துதான் அழைப்பு வந்திருந்தது.

இருங்கள், நெருங்கி உட்காருங்கள். அந்தக் கைப்பேசி வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே பிடியுங்கள், முகத்தில் அடிக்கிறது. மின்சாரம் வரும்போது வரட்டும். காலையிலிருந்து அந்தப் பாழாய்ப்போன இணைப்போடு மல்லுக்கட்டி எனக்கும் மண்டை காய்ந்துவிட்டது. ஆனால் சற்றுமுன் உங்களில் ஒருவர், "பிழை எண் அஞ்சு வந்தா கண்டுக்காம விட்டுடலாம்" என்று சொன்னீர்கள் பாருங்கள். அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எனக்கு நடந்ததில்லை. முன்பு இங்கே வேலை பார்த்த கீச்சுக்குரல்காரனைத் தெரியுமல்லவா? அவனுடைய அக்காவின் கணவருக்கு நடந்தது. அவன் அத்தான் அத்தான் என்று சொல்லிக் கேட்டே பழகியதால் எனக்கும் அவர் அத்தான்தான்.

அத்தானும் நம்மைப் போல சி மொழியில் நிரல் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். தனியாக வாழும் வயதானவர்களின் கட்டிலருகே ஒரு சின்னப் பெட்டி வைப்பது அவருடைய நிறுவனத்தின் தொழில். இரவு முழுவதும் அந்தப் பெட்டி சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும். வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாத சங்கேத இணைப்பு. இருக்கிறேன்... இருக்கிறேன்... அவ்வளவுதான் பேச்சு. பேச்சு தடைப்பட்டால், ஏன் என்று சர்வர் கேட்கும். பதில் ஓர் எண்ணாக வரும். இரண்டு என்றால், பொறு, இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆறு என்றால், முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஐந்து என்றால்... சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிட்டது.

ஐந்து வந்தால் உடனே நிறுவனத்தின் ஆம்புலன்ஸ் வண்டி ஓட வேண்டும். அந்த வீட்டில் யாரோ விழுந்திருக்கலாம். விழும்போது கை பட்டு ஒயர் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். அத்தானின் அம்மா தனியாகத்தான் இருந்தார். அவர் கட்டிலருகேயும் ஒரு பெட்டி இருந்தது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பிரச்சினை என்னவென்றால், பொய் ஐந்துகள். தினமும் ராத்திரி ஒன்று. தினமும் வேறு வேறு வீடு. வண்டிக்காரர் அரக்கப்பரக்க ஓடிப் போய்க் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் கொட்டாவி விட்டபடி வந்து நிற்பார். வாய்க்கு வந்தபடி திட்டுவார். அலுவலகத்துக்குத் திரும்பியதும் வண்டிக்காரர் அதை வட்டியோடு அத்தான் தலையில் கொட்டுவார்.

"சார், நான் ஆம்புலன்ஸ் ஓட்டறேனா, இல்ல ஊரை எழுப்பி விடற சேவலா? ஒண்ணு சொல்லிடுங்க."

காரணம் என்ன என்று பார்த்தால், திரையில் பிழைக்குப் பக்கத்தில் 'வெற்றி' என்று எழுதியிருக்கும். ஆமாம், நாமும் பார்த்திருக்கிறோமே. பிழை எண் ஐந்து. காரணம், வெற்றி. என்ன வெற்றி? யாருக்கு வெற்றி? அத்தான் விசைப்பலகையை மேசையில் ஓங்கி அடித்ததில் ஓர் எழுத்து தெறித்துப் போய் எங்கேயோ விழுந்தது. கடைசிவரை அது கிடைக்கவில்லை.

மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணுங்க. முடியலன்னா அஞ்சையே தூக்கிடுங்க."

"நிஜமாவே விழுந்தவங்க கதி?"

"அவங்கதான் பெட்டியில இருக்கற பட்டனை அமுக்குவாங்களே."

"மயக்கமா கிடக்கறவங்க எப்படி சார் அமுக்குவாங்க?"

மேலாளருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. அவர்களுக்கு எப்போதுமே வரும்.

பொய் ஐந்து நிற்காவிட்டால் வேலை போகும். மெய் ஐந்தை விட்டுவிட்டால் உயிர் போகும். அந்த உயிர் அவருடைய அம்மாவுடையதாகவும் இருக்கலாம். அத்தான் வீட்டுக்கே போகவில்லை. அலுவலகத்திலேயே கிடந்தார். அக்கா போன் செய்தால் எரிந்து விழுந்தார். தன் நிரலைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஒருநாள் அதிகாலையில் பிழை அகப்பட்டது.

எளிமையாகச் சொல்கிறேன். சர்வரின் மேசையில் ஒரு தட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த இணைப்பில் தவறு நடந்தாலும் ஒரு சீட்டு அந்தத் தட்டில் விழும். அடுத்த இணைப்பை விசாரிக்கும் முன் தட்டைத் துடைக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான். அத்தான் அதை எழுதவில்லை. போதாக்குறைக்கு ஓரிடத்தில், இணைப்பு அறுந்தால் ஏன் என்றே கேட்காமல் மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும்படி எழுதியிருந்தார். அறுந்தவரின் சீட்டு தட்டிலேயே கிடக்கும். அடுத்து வருகிற பாவப்பட்ட பெட்டி 'பொறு' என்று சொன்னால் போதும், பழைய சீட்டை எடுத்து அதன் நெற்றியில் ஒட்டிவிடும் சர்வர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

என்னம்மா? வெறும் நிரல் பிழைதானே, பேய் எங்கே என்கிறாயா? ஆமாம் தாயே, இதுவரைக்கும் வெறும் பிழைதான்.

பழி சுமந்தவர்கள் யார் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் தினமும் அந்தச் சீட்டைப் போட்டது யார்? அத்தான் தேடினார். ஒவ்வொரு ராத்திரியும் அதே பெட்டி. இரண்டு மணிக்கு இணைப்பில் வரும். உடனே அறுந்து போகும். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் இருந்த கணக்கு டீச்சர் வீட்டுப் பெட்டி.

டீச்சர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெட்டியை அப்போதே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அத்தான் கிடங்கறையைத் திறந்து பார்த்தார். மேல் தட்டில், தூசிக்கு நடுவே இருந்தது. ஒயரை எட்டுப் போலச் சுற்றி நுனியை உள்ளே செருகியிருந்தது. அந்த எட்டு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஏனென்றால் அந்தப் பெட்டியை மாட்டியது அவர்தான். பொருத்துகிறவர் வராத ஒருநாள், இவரே போயிருந்தார். கூடத்தில் கரும்பலகை. வீடு முழுக்கச் சாக்பீஸ் வாசனை. மிச்ச ஒயர் தரையில் தொங்குவதைப் பார்த்து டீச்சர் குனிந்து எட்டாகச் சுற்றிச் செருகினார். "ஒயர் தொங்கக் கூடாதுப்பா. கால் இடறும்." வேலை முடிந்ததும் இவர், "சரி, போறேன் டீச்சர்" என்றார்.

டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. "போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வரேன்னு சொல்லு."

"போயிட்டு வரேன் டீச்சர்."

"எப்ப வருவே?"

அத்தான் சிரித்துக்கொண்டே, "பெட்டியில ஏதாவது தப்பு வந்தா உடனே வந்துடுவேன்" என்றாராம்.

தப்பு வந்தது. டீச்சர் இறந்த ராத்திரியின் பதிவை இப்போது எடுத்துப் பார்த்தார். டீச்சர் வீட்டு இணைப்பு அறுந்திருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சீட்டு தட்டில் கிடந்தது. அடுத்து வந்தது ஊரின் மறுகோடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தையல்காரருடைய பெட்டி. வண்டி அங்கே போனது. திட்டு வாங்கிக்கொண்டு திரும்பியது. டீச்சரை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார்களாம். கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவே கிடந்தாராம்.

அத்தான் அந்தக் கிடங்கறையிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, தட்டைத் துடைக்கும் அந்த ஒற்றை வரியை எழுதினார். விட்ட இடத்திலும் கேள்வி கேட்க வைத்தார். இனி எந்த ஐந்தும் சரியான பெயரில் வரும்.

அன்றைக்கே வந்தது. இரண்டு மணிக்கு. ஐந்து. சரியான பெயர்தான். டீச்சர் வீடு.

வண்டிக்காரர் மறுத்துவிட்டார். "செத்தவங்க வீட்டுக்கு எதுக்கு சார் ஆம்புலன்ஸ்? நான் வரல." அத்தானுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் உயிரோடு இருந்தவர்களிடம் பொய்யாக ஓடினோம், இதற்கு மட்டும் போகாமல் இருப்பதா என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு தானே கிளம்பினார். தண்ணீர்த் தொட்டி... மரக்கிடங்கு... கம்பி வேலி...

வீடு பூட்டியிருந்தது. பூட்டில் சிலந்தி வலை. வண்டியை நிறுத்தியதும் ஒரே நிசப்தம். பிறகு உள்ளேயிருந்து... கீக். கீக். கொஞ்சம் விட்டு, நீளமாக, கீ...ஈக். இணைப்பைத் தேடும்போது பெட்டி போடுகிற சத்தம். அந்தப் பெட்டியைச் சாயங்காலம்தான் அலுவலகத்தில் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

கதவிடுக்கில் சாக்பீஸ் வாசனை. ஈரச் சாக்பீஸ்.

நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்ததாம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கதவைப் பார்த்துக் கத்தினார். "வந்துட்டேன் டீச்சர்! தப்பு என்னுதுதான்! சரி பண்ணிட்டேன்! இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நான் போறேன்!"

கீக் சத்தம் நின்றது.

கதவுக்கு அந்தப்பக்கம், மிக அருகில், மெதுவாக...

"போறேன்னு சொல்லக் கூடாது."

அத்தான் ஓடினார். வேறு என்ன செய்வார்? எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்து வண்டியில் ஏறினார். ஒரு செருப்பு அங்கேயே கிடக்கிறது.

மறுநாள் அந்தப் பெட்டியைச் சர்வரிலிருந்து அழித்தார். அதன் சங்கேதச் சாவியையும் அழித்தார். இனி அந்தப் பெட்டி எவ்வளவு தட்டினாலும் கதவு திறக்காது. அன்று ராத்திரி இரண்டு மணி ஆனது. திரையில் ஒன்றும் இல்லை. வண்டிக்காரர் கூடச் சிரித்தார். "சேவலுக்கு லீவா சார்?"

அப்போது ஐந்து வந்தது.

தட்டைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பழைய சீட்டு எதுவும் இல்லை. பெயரைப் பார்த்தார். மெய்யான ஐந்து. அம்மா வீடு.

எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது அத்தானுக்கு ஞாபகம் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினால்... அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு குறையும் இல்லை. அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் பெட்டியைப் பார்த்தார். ஒயர் பிடுங்கியிருந்தது. எட்டாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது.

"ஏன்டா இப்படி மூச்சு வாங்கறே?" என்றார் அம்மா. "இப்பதான் உனக்குத் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தங்க வந்துட்டுப் போனாங்க. ஒயர் காலை இடறும்னு அவங்களே சுத்தி வெச்சாங்க. நேத்து நீ அவங்ககிட்ட சொல்லிக்காம ஓடி வந்துட்டியாமே?"

அத்தான் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்னை மாதிரி இல்லடா. மரியாதை தெரிஞ்சவங்க. வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி நின்னு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுதான் போனாங்க."