பி.காம் போதும்னு சொன்னாங்க

சந்திரகலாதான் மொதல்ல சொன்னது, சித்ரா பௌர்ணமி அன்னிக்கு. அவ என் ஓரகத்தி. கிரிவலம் வர்றவங்களுக்கு ரெண்டு பேரும் மோர் ஊத்திக்கிட்டு இருந்தோம். "இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸா? அதப் படிச்சா வேலை யாரு குடுப்பா, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்லயா? உம் பொண்ணுக்கு பி.காம் போதும்"ன்னா. மோர் டம்ளர் அப்படியே கையில நின்னுடுச்சு. அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் கம்மி, வேண்டுதல் ஜாஸ்தி.

பை இடிக்குதுங்களா? இப்படி மடியில வெச்சுக்கறேன். கீழ்பென்னாத்தூர்ல ஏறினதுலேருந்து நானே பேசிட்டு வர்றேன்... நீங்க கழுத்துல ஆபீஸ் கார்டு போட்டிருக்கீங்களா, வெவரம் தெரிஞ்சவங்களா இருப்பீங்கன்னு ஒரு இது.

என் பொண்ணு சிந்துஜா. பிளஸ் டூல நல்ல மார்க்கு. அந்தப் படிப்புதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. என்னடி இருக்குது அதுலன்னேன். "ஒரு நாடு இன்னொரு நாட்டோட எப்ப பேசுது, எதுக்கு மொறைச்சிக்குதுன்னு படிக்கறதும்மா"ங்கறா. அதுக்கு எதுக்கு காலேஜு, நம்ம வீட்டுக்கும் உங்க பெரியம்மா வீட்டுக்கும் நடுவுல இருக்கற செவத்துல காத வெச்சா போதாதான்னேன். சிரிக்கல. "நம்ம மல்லாட்டைக்கு ஏன் வெலை எறங்குதுன்னு அப்பா கேக்கறாரே, வெளிநாட்டுலேருந்து பாமாயில் எவ்ளோ வருது, அதுக்கு எவ்ளோ வரி, அதெல்லாம் இதுலதான் வரும்"ன்னா. அவங்கப்பா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சிட்டு இருந்தவரு, கைய நிறுத்திட்டு அவளையே பாத்தாரு. அவரு அப்பவே அந்தப் பக்கம் சாஞ்சிட்டாரு.

சரி, வேலை? அதக் கேட்டேன். "மூணு வருஷம் முடிச்ச உடனே கெடைக்கும்னு சொல்ல முடியாதும்மா. மேல படிக்கணும், வெளிநாட்டு பாஷை ஒண்ணு கத்துக்கணும், பரீட்சை எழுதணும். அப்பறம் தூதரகம், ஏற்றுமதி கம்பெனி, பத்திரிகைன்னு போலாம்"ங்கறா. பெத்தவ மனசு குளிர ஒரு பொய்யாவது சொல்லலாம் இல்லீங்களா? சொல்ல மாட்டா.

பெரியவன் அன்பரசனுக்கும் நாலு பேரு சொல்லித்தான் இன்ஜினியரிங் சேத்தோம். வேலை நிச்சயம்னாங்க. இப்ப கோயில் பக்கத்துல ஒரு லாட்ஜுல ரூம் சாவி எடுத்துக் குடுக்கறான். சந்திரகலாவக் கேட்டா, "அது அவன் ராசி"ங்கறா. அப்ப பி.காமுக்கு மட்டும் ராசி கெடையாதான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலியே. பயந்துட்டேன்.

அப்பறம் பூ போட்டுப் பாத்தோம். எங்க வீட்ல எதுன்னாலும் அதான் வழக்கம், கல்யாணமானாலும் சரி, நெலத்துல போர் போடறதானாலும் சரி. பூவ காகிதத்துல மடிச்சு, அண்ணாமலையார் படத்துக்கு முன்னாடி வெச்சு, ரெண்டுல ஒண்ண எடுக்கறது. செவப்பு வந்தா அவ கேட்ட படிப்பு. வெள்ளை வந்தா பி.காம். கண்ண மூடிக்கிட்டு எடுத்தா. வெள்ளை. "சாமியே சொன்னப்பறம் என்னம்மா"ன்னு எழுந்து போயிட்டா. இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சுக்கூடப் பாக்கல. நான்தான் அவசர அவசரமா எடுத்துட்டுப் போயி துளசிச் செடி அடியில கொட்டினேன்.

பத்து நாளாச்சு. தெனம் வெளக்கு ஏத்தறேன், அந்தப் படத்த நிமிந்து பாக்க முடியல. அவ இன்னிக்கு காலையிலயே டவுனுக்குப் போயிட்டா, பி.காம் சீட்டுக்கு கையெழுத்துப் போட. மூணு மணிக்கு மேல படிப்ப மாத்த முடியாதாம். சோத்த அப்படியே மூடி வெச்சிட்டு, அவ பின்னாடியே இந்த பஸ்ஸப் புடிச்சேன். மணி என்ன ஆவுது... ரெண்டே காலா? இந்த வண்டி போற போக்குக்கு, நான் போயி சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். போன் பண்ணலாம். அவ "சொல்லும்மா"ன்னுட்டா எனக்கு வாய் வராது. டைப் அடிக்கவும் வராது.

இந்தாங்க போனு. நான் சொல்றேன், நீங்க கொஞ்சம் அடிச்சுக் குடுங்க. "சிந்து, கையெழுத்துப் போடாத. ரெண்டு பொட்டலத்துலயும் அம்மா வெள்ளைப் பூதான் வெச்சேன்."