ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் வேன்

டிரைவர்: பாத்து வா… அங்க பள்ளம்.

மனைவி: பள்ளத்த எனக்குக் காட்டிட்டு நீங்க கம்பத்துல முட்டப் போறீங்க!

டிரைவர்: ஏதோ யோசனை…

மனைவி: முப்பது வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுற ஆளுக்கு நடைபாதையில நேரா போகத் தெரியல.

டிரைவர்: நடக்கறதுல அதான்டி சுகம். கால் அதுபாட்டுக்குப் போகும், மனசு அதுபாட்டுக்குப் போகும். வண்டியில அது ஆகாது. கண்ணாடியப் பாக்கணும், பின்னாடி புள்ளைங்க சத்தத்தக் கவனிக்கணும், முன்னாடி போற ஸ்கூட்டர்காரன் எப்பத் திரும்புவான்னு… அவன் யோசிக்கறதையும் சேத்து நாமதான் யோசிக்கணும்.

மனைவி: அதான் வண்டியில நான் வாயத் தொறந்தாலே எரிஞ்சு விழுவீங்களா?

டிரைவர்: இப்பப் பேசேன். யாரு வேணாங்கறா?

மனைவி: சரி, பேசறேன். வேன் எப்ப ஒர்க்‌ஷாப்லேர்ந்து வருதாம்? பத்து நாளாச்சே.

டிரைவர்: ஏதோ பார்ட்ஸ் வரணுமாம்…

மனைவி: என்ன பார்ட்ஸ்?

டிரைவர்: சொன்னா உனக்குப் புரிஞ்சிடுமா?

மனைவி: புரியாது, புரியாது. கொஞ்சம் மெதுவா நடங்க…

டிரைவர்: ஏன், மூச்சு வாங்குதா?

மனைவி: அதெல்லாம் இல்ல. நீங்க சொல்லுங்க.

டிரைவர்: என்னத்தச் சொல்ல… அன்னிக்கு நம்ம பொண்ணு போன்ல சொன்னாளே, 'வயசாச்சுப்பா, வண்டிய விட்டுடுங்க'ன்னு…

மனைவி: அதுக்குத்தான் அவள வாங்கு வாங்குன்னு வாங்குனீங்களே.

டிரைவர்: ஆத்திரம் அடங்கல. மறுநாள் காலையில ஓட்டிக்கிட்டே மனசுக்குள்ள அவகூட சண்ட போட்டுக்கிட்டிருந்தேன். புள்ளைங்கள ஏத்தி இறக்கி விடுற ஆயாம்மா 'அண்ணே, சிக்னல் சிவப்பு!'ன்னு கத்துறாங்க… வண்டி பாதி ரோட்டைத் தாண்டிடுச்சு.

மனைவி: உள்ள புள்ளைங்க…?

டிரைவர்: பதினாலு பேரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எதிர்ல வந்த லாரிக்காரன் பிரேக் அடிச்சுட்டான்… அவன் நல்லா இருக்கணும்.

மனைவி: அப்புறம் என்ன பண்ணீங்க?

டிரைவர்: சாவிய நானேதான் ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்தேன். 'பத்து நாள் லீவு எடுத்துட்டு வாங்க'ன்னாங்க. நாளைக்குப் போகணும்.

மனைவி: போய்?

டிரைவர்: இனிமே வேணாம்னு சொல்லிடப் போறேன். பயமா இருக்குடி… வேன் ஒர்க்‌ஷாப்ல இல்ல. உங்கிட்டப் பொய் சொன்னேன்.

மனைவி: தெரியும். தினமும் எட்டு மணிக்கு வேற ஆளு அதை நம்ம தெரு வழியாத்தான் ஓட்டிட்டுப் போறாரு. நீங்கதான் கரெக்டா எட்டு மணிக்குக் குளிக்க ஓடிடறீங்களே! நீங்களா சொல்லட்டும்னுதான் இந்த முட்டி வலியோட பத்து நாளா உங்க கூட நடக்கறேன்… இப்பவாவது ஒரு பெஞ்சு பாத்து உக்கார விடுங்க.