நாலு குரல் பெட்டி

மழைக்காலத்தில் கேசட்டுகளை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்காது. ராஜபாளையத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருக்கும் வேறு யாரும் இதை வெளியில் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். ஒளித்து வைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது என்பதைப் போதகர் ஐயா முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நடந்ததை எழுதித் தரும்படி சபைக் கமிட்டி கேட்டது. என் கையெழுத்து எனக்கே விளங்காது. அதனால் பேசி, கேசட்டாகத் தருகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் சபைப் பாடகர் குழுவில் நான் பல வருஷமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கி தைக்கத் துணி கொடுத்தவர் ஐந்து அங்கிக்குக் கொடுத்துவிட்டார். பாடத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். ஐந்தாவது அங்கி எனக்கு அளவெடுத்தது போல் இருந்தது. குழுத்தலைவர் வேதசிரோமணி அண்ணாச்சி முதல் நாளே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏலே தேவஇரக்கம், நீ வாய மட்டும் அசை. சத்தம் வந்துரப்புடாது" என்றார். அசைத்தேன். என் வாயசைப்பு உருக்கமாக இருப்பதாக முன்வரிசைப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதை நினைக்காமல் ஒருநாள்கூடப் படுத்ததில்லை, அவ்வளவுதான்.

எண்பத்தெட்டில் ஒருநாள், என் பக்கத்துக் கடையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் நைனா முகமது பாய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டேப் ரெக்கார்டர் என்று நம்பி அவருடைய மச்சான் சிங்கப்பூரில் வாங்கி வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருந்தது. மேலே முழுக்கக் குமிழ்கள். ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டோம். முன்பக்கத்துக் கச்சேரி நேராகவும் பின்பக்கத்துக் கச்சேரி தலைகீழாகவும் ஒரே சமயத்தில் கேட்டன.

"யப்பா, உள்ள ரெண்டு கோஷ்டி அடிச்சுக்கிடுது," என்றார் பாய். "எம் வீட்டுக்காரி மாஜிதா இத வீட்டுக்குள்ள ஏத்தக்கூடாதுன்னுட்டா. நீயே வச்சுக்க. நான் கேக்கிற பாட்டெல்லாம் பதிஞ்சு தா, போதும்."

பெட்டி கெட்டுப்போகவில்லை என்று எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. சாதாரணக் கேசட்டில் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் திருப்பிப் போடுவோம். இந்தப் பெட்டி திருப்புவதே இல்லை. நாடாவின் முழு அகலத்தையும் நாலு தடமாகப் பிரித்து, நாலையும் ஒரே திசையில் ஓட்டுகிறது. முதல் தடத்தில் ஒருவர் பாடலாம். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் இன்னொருவர் பாடலாம். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரே பாட்டைப் பாடிவிடலாம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடும் அந்த வருஷ அசனப் பண்டிகைக்கு நம் குழுவின் கேசட்டை வெளியிடலாம் என்று சொன்னவன் நான்தான். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். குழுவில் பாடும் ரோசம்மாளுக்குத்தான் கூடுதல் சந்தோஷம். அசனம் முடிந்து இரண்டாம் வாரம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வடக்கே பிலாயில் வேலை. கூமாப்பட்டியில் அவள் அம்மா தனியாகிவிடுவார். "நான் போன பொறவு அம்மா இதப் போட்டுக் கேக்கும்லா அண்ணாச்சி" என்றாள். நான் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

கடையின் பின்னறைச் சுவரெல்லாம் மில்லில் கழித்த பஞ்சை மூட்டையாக அடுக்கினேன். வேதசிரோமணி அண்ணாச்சியும் பொன்னுராஜும் முதல் இரண்டு தடத்தில் பாடினார்கள். ரத்தினம் அக்காளும் ரோசம்மாளும் மற்ற இரண்டில் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

பொன்னுராஜ் ஓர் இடத்தில் இருமியிருந்தான். அதைத் திருத்தப் போய்த்தான் எல்லாம் தொடங்கியது. இந்தப் பெட்டியில் ஒருவரை அழிக்கத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். அவருடைய தடத்தில் நாம் பாடினால் போதும், முன்னால் இருந்தவர் போய்விடுவார். சத்தமே இருக்காது. இருமல் இருந்த வரியை மட்டும் பாடினேன். அந்த ஒரு வரி தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. சரி என்று பொன்னுராஜை முழுக்க எடுத்துவிட்டேன். அப்புறம் அண்ணாச்சி என் பக்கத்தில் பொருந்தவில்லை. அவரை எடுத்தபின் ரத்தினம் அக்காளை மட்டும் விட்டுவைப்பது மரியாதையாக இருக்காது.

ரோசம்மாளிடம் வந்தபோது சற்று யோசித்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். பெட்டியில் நாடாவின் வேகத்தைக் குறைக்க ஒரு குமிழ் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து வைத்துப் பாடி, பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறும். மீதி உயரத்துக்கு இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நான் உச்சத்தைத் தொட்டபோது பாய் கடை வாசலில் கட்டியிருந்த வெள்ளை நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. மறுநாள் அய்யனார் கோவில் அருவிப் பக்கம் பிடித்து வந்தார்கள். உயர்ந்த சங்கீதம் சில உயிர்களைத் தனிமை தேட வைக்கும்.

முடிந்ததும், முதல் தடத்தில் பாட்டுக்குப் பின்னால் இரண்டு வார்த்தை பேசினேன். நாலு தடத்தையும் ஒன்றாகக் கலந்து, சாதாரணக் கேசட்டில் பதிந்து கடையில் விற்ற பிரதிகளில் அந்த இடத்தை வெட்டிவிட்டேன். அசலில் வெட்ட மனம் வரவில்லை. பூமியில் என் குரல் என் பெயரோடு இருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

அசனத்தன்று சனங்கள் இலையில் உட்கார்ந்திருக்க, குழாய் ஸ்பீக்கரில் கேசட் பாடியது. கேசட்டில் யார் குரலும் அவரவருக்கு வேற்றுக் குரலாகத்தான் கேட்கும் என்று நால்வரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அவரவர் குரலை அவரவர் மெச்சிக்கொண்டார்கள். ரோசம்மாளின் அம்மா சாம்பாரைத் தொடாமல் அழுதார். ஒரு தாயை அழ வைத்த குரல் என்னுடையது. அதைப் போதகர் ஐயா கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேதசிரோமணி அண்ணாச்சி என் தோளில் கைபோட்டு, "கேட்டியாலே? பாட்டுன்னா இப்படி இருக்கணும். இதுக்குத்தான் ஒன்னைய வாயத் தொறக்க விடல" என்றார். "ஆமா அண்ணாச்சி" என்றேன்.

ரோசம்மாள் பிலாய் போய்விட்டாள். அவள் அம்மா அந்தக் கேசட்டைத் தினமும் போட்டுத் தேய்த்ததில் நாடா சிக்கி அறுந்துவிட்டது. புதுசு வாங்க அவர் வந்த நேரம் பார்த்து நான் டீக்கடையில் இருந்தேன். கடையைப் பார்த்துக்கொண்ட பாய், 'அசல்' என்று எழுதியிருந்ததை எடுத்து, "இதுதான் ஒசத்தி ஆச்சி" என்று கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்று கூமாப்பட்டியில் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். சாதாரண டேப் ரெக்கார்டரில் நாலு தடக் கேசட்டைப் போட்டால் ஒரு பக்கத்தில் முதல் இரண்டு தடம்தான் வரும். அதில் மகள் குரலைக் காணோம் என்று அந்த அம்மா பாதியில் நிறுத்தித் திருப்பிப் போட்டிருக்கிறார். மற்ற இரண்டு தடமும் தலைகீழாக வந்தன. அது ஆவியானவர் பேசும் அந்நிய பாஷை என்று எல்லாரும் முழங்காலிட்டார்கள். ஜெபம் நடத்த வந்திருந்த இருதயம் என்ற ஊழியர் கண்ணை மூடிக்கொண்டு, "மறைவாயிருக்கிற ஒருவன் வெளிப்படுவான்" என்று அதற்கு அர்த்தமும் சொன்னார். யார் அந்த ஒருவன் என்று பார்க்க மறுபடி முதல் பக்கத்தைப் போட்டு, கடைசிவரை ஓடவிட்டிருக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் நான் பேசினேன்.

"அண்ணாச்சி, கேட்டேளா? இது நீங்க இல்ல. நான், தேவஇரக்கம். பொன்னுராஜும் நான்தான். ரத்தினம் அக்காவும் நான்தான். ரோசம்மாவும் நானே."

மறுநாள் அந்த அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "எம்மவ பாடுனது எங்கய்யா?" என்று மட்டும் கேட்டார். அது இனி எங்கேயும் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். "கவலப்படாதீய ஆச்சி, எந்தப் பாட்டு வேணும்னு சொல்லுங்க, நானே பாடித் தாரேன்" என்றேன். அந்த அம்மா எழுந்து போய்விட்டார். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நால்வரையும் அழித்தது நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை. என் குரல் கேட்கப்பட வேண்டும் என்ற ஆசையால் செய்ததாகக் கமிட்டியில் பேசிக்கொள்கிறார்களாம். அந்த மாதிரி அற்ப ஆசை எனக்கு இல்லை.

இந்தக் கேசட்டையும் அதே பெட்டியில்தான் பதிகிறேன். இதைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட வேண்டாம். பெட்டியையும் சேர்த்து அனுப்புகிறேன். முதல் தடத்தில் நான் பேசுவது இருக்கிறது. இரண்டாவதில் போதகர் ஐயா ஜெபம் பண்ணி என்னை மன்னிக்கிறீர்கள். மூன்றாவதில் ரோசம்மாளின் அம்மா, "போகுது, விடுப்பா" என்கிறார். நாலாவதில் வேதசிரோமணி அண்ணாச்சி, "ஏலே தேவஇரக்கம், வாய அசைச்சது போதும், பாடுலே" என்கிறார். அந்த இடத்தில் மட்டும் அண்ணாச்சிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அப்படி அழுகிற ஆள் இல்லை. அதை மட்டும் அழித்துவிட்டு நான் இன்னொரு தடவை பேசவேண்டும்.