மலையூரில் தங்கிவிட்ட மகள்

என் பெயர் முத்தாயி. வயது நாற்பத்தொன்று. கணவர் மருதப்பன், தண்ணீர்க்குழாய் பதிக்கும் வேலை பார்க்கிறார். சிங்கப்பூர் பஃபலோ சாலையில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறோம். என் மகள் சந்திரமதியைக் காணவில்லை என்று பக்கத்து அறை வேலாயுதம் கொடுத்த புகாரின்பேரில், 1962 டிசம்பர் மாதம், காவல் நிலையத்தில் இதைச் சொல்கிறேன்.

மகளுக்கு வயது பதின்மூன்று. பெற்றவர் ஒரு சீனப் பெண். தன் கணவர் இறந்து, இரண்டு ஆண்பிள்ளைகளோடு அவர் தவித்தபோது, பிரசவம் பார்த்த பதுருன்னிசா கைக்குழந்தையாக இவளை எங்களிடம் சேர்த்தார். சட்டப்படி தத்தெடுத்தோம். மகளுக்கு இது சிறுவயதிலேயே தெரியும்.

சென்ற மாதம் பதுருன்னிசா வந்து, அந்த அம்மா ஜோகூரில் கல்லுடைக்கும் மலையூர் ஒன்றில் இருப்பதாகவும், பாறை சரிந்து மகன்கள் இருவரும் இறந்துவிட்டதாகவும், பிள்ளையை ஒருமுறை பார்க்க ஆசைப்படுவதாகவும் கூறினார். நான் வேண்டாம் என்றேன். மகள் போகலாம் என்றாள். அதன்பின் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு காலை நானும் கணவரும் மகளும் பஸ் ஏறினோம்.

ஜோகூர் பாருவில் பஸ் மாறி மலையூர் சேர்ந்தோம். பழைய ஊர். அந்தக் காலத்தில் நெருப்பைக் கக்கிய மலை என்று பஸ்ஸில் வந்தவர் சொன்னார். சுவர், படி, கோயில் வாசல் எல்லாம் கறுப்புக் கல். மகள் செருப்பைக் கழற்றி மிதித்துப் பார்த்து, "அம்மா, சுடுது லா, இன்னும் ஆறல போல" என்று சிரித்தாள். மரத்தடியில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். மகள் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதன்பின் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். கல்தூசியால் நெஞ்சு கெட்டுப் படுத்திருந்தார். மலாயில் பேசிக்கொண்டோம். பிள்ளையைத் தொடலாமா என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டிய பிறகே தொட்டார். அதன்பின் அவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுக்க அங்கே ஆளில்லை. மகள் எழுந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள்.

புறப்படும்போது மகள் என்னை வெளியே கூப்பிட்டு, "அவங்களுக்கு யாருமே இல்லம்மா. உனக்கு அப்பா இருக்காரு. நான் இங்க இருந்து பாத்துக்கிறேன்" என்றாள்.

"ஸ்கூலு?" என்று மட்டும் கேட்டேன்.

"அவங்க எழுந்து நடமாடட்டும், வந்துடுறேன்."

அவர் எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. என் கணவர் சாப்பாட்டுத் தூக்கை அவளிடம் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார். அங்கே யாரையும் உட்கார விடவில்லை.

யாரும் அவளைத் தடுத்து வைக்கவில்லை. அவளை அழைத்துவர எனக்கு உரிமை உண்டு என்று அதிகாரி விளக்கினார். இழுத்துவர எனக்கு மனமில்லை. நேற்று காளியம்மன் கோயிலுக்குப் போனேன். அந்த அம்மா எழ வேண்டும், இல்லையென்றால் இறக்க வேண்டும். அப்போதுதான் மகள் வருவாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

முத்தாயி, இடது கைப் பெருவிரல் ரேகை.