வரவில்லை என்ற கட்டம்

நீங்கள் பிஸ்கட்டை இடது பக்கமாகவே மெல்கிறீர்கள். வலது கீழ்த்தாடையில், கடைசிக்கு முந்தைய பல் சொத்தையாக இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா? இன்னும் நரம்பைத் தொட்டிருக்காது. தள்ளிப்போடாமல் யாரிடமாவது காட்டிவிடுங்கள். என்னிடம் காட்டச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு பசைக்காகப் பதினோரு வருடம் மாடாய் உழைத்தேன். பல் சொத்தையானால் வழக்கமாக என்ன செய்வோம்? துளைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு அடைப்போம். அந்தக் கருவியின் சத்தம் கேட்டாலே பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவிடுவார்கள். என் பசைக்குச் சுரண்டவே வேண்டாம். சொத்தையின் மேலேயே பூசி மூடிவிடலாம், மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் கிருமி பட்டினி கிடந்து சாகும். "இது கொத்தனார் வேலைய்யா" என்றார் எங்கள் துறைத்தலைவர், மாணவர்கள் இருக்கும்போதே. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன். அவர் போடும் அடைப்பு இரண்டு வருடத்தில் பெயர்ந்துவிடும். என்னுடையது இதுவரை ஒன்றுகூடப் பெயர்ந்ததில்லை. வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நூற்றெண்பது பேருக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஒரு வருடச் சோதனை. ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை, அவரவருக்குக் குறித்த தேதியில் வர வேண்டும். பதிவேட்டில் ஒருவருக்கு மூன்று கட்டங்கள்: நன்று, குறை, வரவில்லை. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். குறையில் ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் சோதனையை அன்றே நிறுத்திவிட வேண்டும். வராதவர்களை இரண்டிலும் சேர்ப்பதில்லை. இந்த விதி எதையும் நான் எழுதவில்லை. பெரியவர்கள் ஏழு பேர் கமிட்டி போட்டு, வடை தின்ன நேரமில்லாமல் உட்கார்ந்து எழுதியது.

மூன்றாவது மாதம் சிலருக்கு முகம் வீங்கியது. சொத்தை ஏற்கெனவே நரம்பு வரை போயிருந்த பற்கள். உள்ளே சீழ் பிடித்தால் அது வெளியே வர ஒரு வழி வேண்டும். சாதாரண அடைப்பு என்றால் ஓரத்தில் கசியும், என்னுடையது கசியாது. அதனால் சீழ் தாடைக்குள் இறங்கியது. அடைப்பில் சின்னதாக ஒரு துளை போட்டால் வடிந்துவிடும். நாலு பேருக்குப் போட்டேன், நாலு பேரையும் குறையில் எழுதினேன். என்னை மோசக்காரன் என்கிறார்களே, மோசக்காரன் அதை எதற்கு எழுதுகிறான்?

அதற்குப் பிறகுதான் தேதி விஷயத்தில் கறாராகிவிட்டேன். வலி வந்தவர்கள் தேதி பார்த்தா வருகிறார்கள்? செவ்வாய்க்கிழமை வர வேண்டியவர் வெள்ளிக்கிழமையே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். தேதி தவறி வந்தவரைச் சோதனைக்கு வந்தவராகக் கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பினேன். அவர் வேறெங்காவது போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்வார், செவ்வாய்க்கிழமை வரமாட்டார். மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக். இப்படி இருபத்தாறு பேர். அதில் ஒருவர் பஸ் டிரைவர். அவருடைய மனைவி வந்து, நாங்கள் அவருக்குத் தேதி குறித்துக் கொடுத்திருந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் தங்கையைப் பற்றிக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கிறீர்கள், தெரிகிறது.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். தூங்கும்போது மட்டும்தான் வாய் ஓயும், அதுவும் சந்தேகம். ஆரம்பத்தில் சோதனைக்கு ஆள் சேராதபோது அவளாகவே வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஆளாளுக்கு உன்னைக் கிண்டல் பண்றாங்கல்ல? சொந்தத் தங்கச்சியே போட்டுக்கிட்டான்னு சொல்லுண்ணா. அப்ப என்ன பேசுறாங்கன்னு பார்ப்போம்."

வாயைத் திற என்றேன்.

"மூணு நிமிஷம் நான் பேசாம இருக்கணும், அதானே? இதுக்குத்தான் பதினோரு வருஷமாப் பசை கிண்டுனியா?"

உதவியாளர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள்மேல் எனக்கு உயிர். பதினோரு மாதம் அவளுக்கு நன்று என்றே எழுதினேன், ஒவ்வொரு முறையும் மனநிறைவோடு எழுதினேன்.

சோதனை முடிய ஒன்பது நாள் இருந்தது. அவளுடைய கடைசித் தேதி செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை பத்தரைக்கே வந்துவிட்டாள்.

"சார், உங்க தங்கச்சி வெளியில உக்காந்திருக்காங்க" என்றார் உதவியாளர் அம்மா. "எச்சில்கூட முழுங்க முடியலை சார். துண்டால துடைச்சுக்கிட்டே இருக்காங்க. பேசுறதே புரியலை."

போய்ப் பார்த்தேன். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகை மாதிரி இறுகியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, வாயை மூடவிடாமல் நின்றது. இந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைத்துவிடும் என்பது எங்கள் படிப்பில் எல்லாரும் படிப்பது. நானே மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன்.

"அண்ணா, தொறந்து விடு" என்றாள். வாயாடி அன்று பேசியது அவ்வளவுதான்.

துளைக்கருவி நாலடி தூரத்தில் இருந்தது. எடுத்திருந்தால் அவள் ஐந்தாவது குறை. பதினோரு வருடமும் அன்று மதியமே குப்பைக்குப் போயிருக்கும். துறைத்தலைவர் கொத்தனாரை விசாரிக்க வந்திருப்பார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களிடம் எதுவும் கண்டுபிடிக்கிற வேலையைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"நாளைக்குத்தானேம்மா உன் தேதி? மாத்திரை தர்றேன், போட்டுக்கிட்டுப் படு. காலையில முதல் ஆளா உன்னைப் பார்க்கிறேன்."

தலையாட்டினாள். நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

"பெரிய ஆஸ்பத்திரிக்காவது அனுப்பலாமே சார்" என்றார் உதவியாளர் அம்மா. அங்கே போனால் அடைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். "அவ சும்மாவே ஊரைக் கூட்டுவாம்மா. நீங்க அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், விடியக்காலையில அவ மூச்சு நின்னுடுச்சு" என்றார். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். நடிப்பு என்று அவரே பிறகு சொன்னாராம். சொல்லட்டும். கூடப்பிறந்தவள், எனக்கு அழத் தெரியாதா?

பதிவேட்டைப் பொய்யாக எழுதினேன் என்கிறீர்கள். அவளுடைய எண்ணுக்கு நேரே, வரவில்லை என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் வந்தாளா? வரவில்லை. பிறகு எதைப் பொய் என்கிறீர்கள்?

உதவியாளர் அம்மா உங்களிடம் சொன்னது சரிதான். அந்த டிக்கைத் திங்கட்கிழமை மதியமே போட்டுவிட்டேன். வண்டி வரும் என்று அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள், ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. மறுநாள் அவளால் வர முடியாது என்று தெரிந்துதான் போட்டேன். துளை போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்பதும் தெரியும். ஆமாம், நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். பல் அடைப்பு முழுமையாக உள்ளது, விரிசல் இல்லை, கசிவு இல்லை. நான் எழுதியதல்ல, வேறொரு டாக்டர் எழுதியது. அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் இப்படித் தாருங்கள். அவளை வரவில்லையில் போட்டது தப்பு. அதை அடித்துவிட்டு, நன்று என்று போட வேண்டும்.