இருபது கிராம் தாமதம்

லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து விளையாடக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளை மெத்தை அடைத்துக்கொள்ளும், உள்ளே சூடு ஏறும், சூடு ஏறினால் லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் திக்கித் திணறும்போது நாம் கம்பெனிக்காரனைத் திட்டுவோம். கெட்டியான மேசையில் வைக்க வேண்டும். பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இரண்டு மரக்கட்டை கொடுக்க வேண்டும். விசிறியில் சேரும் தூசியை எடுக்க வேண்டும், வேண்டாத புரோகிராம்களை மூட வேண்டும், வைஃபையை நம்பாமல் கேபிள் போட வேண்டும். இத்தனையையும் என் மனைவியின் லேப்டாப்புக்கு என் கையால் செய்தவன் நான். மேற்கொண்டு படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேப்டன் அவர்களே, நீங்கள் என் மனைவியின் தம்பி. வீட்டில் உங்களை 'வாடா போடா' என்றுதான் பேசுவேன். ஆனால் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று கேட்டுவிட்டதால் முறைப்படி எழுதுகிறேன். எனக்கு இது பழகிய முறைதான். இருபத்தாறு வருடமாக எடையளவு ஆய்வாளராக இருக்கிறேன். கடைத்தெருவில் தராசுகளைச் சோதிப்பதும், கள்ளத் தராசு வைத்திருப்பவரிடம் வாக்குமூலம் வாங்குவதும் என் உத்தியோகம். எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "சார், இத்தனை வருஷமா யாரும் ஒரு குறை சொன்னதில்ல." நான் அப்படி ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். நம் அணியில் ஐந்து பேர். ஆட்டத்தில் ஐவரும் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும். ஒருவருக்குத்தான் வில். மற்றவர்கள் கேடயம் பிடிப்பார்கள், மதில் ஏறுவார்கள், கதவடைப்பார்கள். இரண்டு வருடம் அந்த வில் என்னிடம் இருந்தது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. வேறு ஆள் இல்லாமல், அதுவரை கேடயம் பிடித்துவந்த என் மனைவியிடம் வில்லைக் கொடுத்தீர்கள். அவள் பதினோரு அம்பு விட்டாள், பதினொன்றும் பட்டது. மறுவாரம் நான் குணமாகி வந்தபோது நீங்கள் சொன்னது இது:

"மாமா, நீங்க கேடயம் புடிங்க. வில்லு அக்காகிட்டயே இருக்கட்டும்."

எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அன்று நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன் என்று உங்கள் அக்கா சொல்லியிருந்தால், அது வயிற்றுக் கோளாறு.

அவளுக்கு அது எப்படி வந்தது என்று நான் வியக்கவில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பவள். பச்சைக் குழந்தையின் கையில் நூல்போல ஓடும் நரம்பை விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அங்கே நர்சுகள் அவளை 'ஒத்தக்குத்து அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு யாராவது ஊசியோடு வந்தால் தாய்மார்கள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, "அந்த அக்கா வரட்டும்" என்பார்களாம். அந்தக் கையோடு ஒரு தராசு ஆய்வாளர் போட்டி போட வேண்டும் என்றால், அது சம எடையா என்று நீங்களே சொல்லுங்கள். நான் செய்ததெல்லாம் எடையைச் சமன் செய்ததுதான்.

தொழிலில் நான் கற்ற ஒரு விஷயம் உண்டு. கிலோவுக்கு நூறு கிராம் அடிக்கும் வியாபாரி ஒரே வாரத்தில் மாட்டுவான். இருபது கிராம் அடிப்பவன் மாட்டவே மாட்டான். வாங்கிப்போனவர் வீட்டில் குறைகிறதே என்று பார்ப்பார், பிறகு தன் மேலேயே சந்தேகப்படுவார். சிந்திவிட்டோமோ, சமைக்கும்போது கூடப் போட்டுவிட்டோமோ என்று தன்னையே நொந்துகொள்வார். முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது. விதையை மறைக்கலாம்.

ஆட்டத்தில் 'பிங்' என்று ஒன்று இருக்கிறது. நாம் பொத்தானை அழுத்திய செய்தி, ஆட்டம் நடக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக்கி, அந்தத் துண்டில் எண்ணுவார்கள். எங்கள் வீட்டில் அது பதினெட்டு. நல்ல எண். பழைய சாமான் கடையில் எனக்கு ஒரு ரவுட்டர் கிடைத்தது. நெட்வொர்க் சோதிப்பவர்கள் பயன்படுத்திக் கழித்துப் போட்டது. அதில் நான்கு துளைகள். எந்தத் துளையில் எத்தனை துண்டு தாமதம் வேண்டும் என்று நாமே எண் கொடுக்கலாம். அதைத்தான் பீரோவுக்குப் பின்னால் மாட்டினேன். இரண்டாம் துளையில் அவள் கேபிள், மூன்றாம் துளையில் என்னுடையது. இரண்டாம் துளைக்கு இருபது என்று கொடுத்தேன்.

திரையின் மூலையில் பிங் எண் தெரியும். அது கவனத்தைக் கலைக்கும் என்று சொல்லி, தெரியாதபடி அணைத்துவைத்தேன். அவள் லேப்டாப்பில் மட்டும் அணைத்தால் நியாயம் இல்லை என்று என்னுடையதிலும் அணைத்தேன். என் நேர்மைக்கு இந்த ஒன்று போதும்.

திங்கட்கிழமை தோறும், அவள் குளிக்கும் நேரத்தில், பத்து கூட்டினேன். பதினான்கு வாரத்தில் நூற்றைம்பதுக்கு வந்தது. கண் இமைத்துத் திறக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் அவள் எய்யும்போது அங்கே இருந்த எதிரி, அம்பு போகும்போது ஓரடி தள்ளி நின்றான். பத்தில் ஒன்பது பட்டது ஆறாயிற்று, பிறகு நான்கு. நீங்கள் பொறுமையாகத்தான் இருந்தீர்கள். அவள்தான் விளையாட்டு முடிந்ததும் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னங்க, நான் அழுத்துறேன், அது கேக்கவே மாட்டேங்குது."

"வயசாகுது இல்ல" என்றேன். பொய் இல்லை, அவளுக்கு ஐம்பத்தொன்று.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு மாதக் குழந்தைக்கு இரண்டு முறை குத்த வேண்டியதாகிவிட்டதாம். குத்துவதற்கு முன் கை ஒரு கணம் நின்றுவிட்டது என்றாள். குழந்தையின் அம்மா தன்னையே பார்த்தாள் என்றாள். பிறகு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது மூன்று தடவை, அதில் இது ஒன்று. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, ஒரு மணி நேரம் கையைப் பிடித்துவிட்டேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டியவன் என்று நீங்கள் சொல்லக்கூடும். தொட்டிலை நன்றாகவே ஆட்டினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வாரத் திங்கட்கிழமை நான் பத்து கூட்டவில்லை, ஐந்துதான் கூட்டினேன். மீதி ஐந்தை அடுத்த வாரம் சேர்த்துக்கொண்டேன்.

நரம்பு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். ஊசி வைத்தார், சுத்தியலால் தட்டினார், விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. இனி ஊசி வேண்டாம், ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்டருக்கு மாற்றிவிடுங்கள் என்று தலைமை டெக்னீஷியனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு பிழை இல்லை. மாதக் கடைசியில் முடிவு செய்யலாம் என்று அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது அவள் ஒன்று சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

"லேப்ல ஒரு ரிசல்ட் இடிச்சா, உடனே பேஷண்ட திருப்பிக் குத்த மாட்டோம். அதே ரத்தத்த பக்கத்து மெஷின்ல போட்டுப் பாப்போம். தப்பு ரத்தத்துலயா மெஷின்லயான்னு தெரிஞ்சுடும்."

மறுநாள் அவளுக்கு விடுமுறை. நான் கடைத்தெருவில் ஒரு தராசுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து என் லேப்டாப்பில் விளையாடியிருக்கிறாள். பத்துக்குப் பத்து. பிறகு தன் லேப்டாப்பில் என் கேபிளைச் செருகி விளையாடியிருக்கிறாள். பத்துக்குப் பத்து. கையில் தப்பு இல்லை, லேப்டாப்பிலும் இல்லை என்று ஆனதும், தன் கேபிளைப் பிடித்துக்கொண்டே பீரோவுக்குப் பின்னால் போயிருக்கிறாள். எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, ரவுட்டரில் மட்டும் இரண்டு செருகிகளை இடம் மாற்றியிருக்கிறாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடவே வாழ்ந்தவனிடம் இப்படி மறைப்பது சரியா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த வாரம் அவள் அம்புகள் மறுபடி பட ஆரம்பித்தன. எனக்குக் கவலையாக இருந்தது. பத்து பத்தாகக் கூட்டியது போதாது என்று ஐம்பது கூட்டினேன். அவள் இன்னும் நன்றாக எய்தாள். மேலும் ஐம்பது கூட்டினேன். அதற்கும் மேலே ஐம்பது. முந்நூறு ஆனபோது அவள் ஒரு அம்பைக்கூடத் தவறவிடவில்லை. நான் கேடயத்தைத் தூக்குவதற்குள் எதிரி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

"மாமா, கேடயத்த நாளைக்கா தூக்கப் போறீங்க?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து உங்கள் அக்கா, "விடுடா, மாமாவுக்கு வயசாகுது இல்ல" என்றாள்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை. கை மரத்துப்போனது போல இருந்தது. கையெழுத்துப் போடும்போது பேனா தாமதமாக நகர்வது போலத் தெரிந்தது. வேலையில் ஒரு தராசு முள்ளை மூன்று முறை பார்த்தேன். என் கண்ணை நானே நம்பவில்லை. அதே நரம்பு டாக்டரிடம் போனேன். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் சரி என்றவர், "உங்க வீட்டுல எல்லாருக்குமே இந்தச் சந்தேகமா?" என்று கேட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். என் மனைவி பட்டதும் இதுதானோ என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. ஆனால் எனக்கு வந்தது அதைவிடப் பெரியது, ஏனென்றால் எனக்குக் காரணம் தெரியாது.

திரும்பி வந்தபோது அவள் மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருந்தாள். லேபில் எழுதுவது போலக் கோடு போட்டு எழுதியிருந்தாள். தேதி, நான் ரவுட்டர் பக்கம் போன நேரம், அன்று மாலை என் கேடயம் எத்தனை முறை தவறியது. நான்கு வாரம். கடைசி வரிக்குக் கீழே 'மெஷினில் தப்பு இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கோடிட்டிருந்தாள்.

"கடுதாசியத் திருப்பி வாங்கிட்டேன்" என்றாள். "இன்னைக்கு ஒம்பது குழந்தை. ஒம்பதும் ஒரே குத்து." அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உங்களுக்குப் போன் செய்துவிட்டு, எனக்கு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் துளையில் தாமதம் வைத்தது நான். வாராவாரம் கூட்டியது நான். அவள் கையை அவளே சந்தேகப்படவைத்து, அந்தக் கையைப் பிடித்துவிட்டதும் நான். வேலியே பயிரை மேய்ந்தது என்று எங்கள் அலுவலகத்தில் தெரிந்தால் சொல்வார்கள், தெரியாமல் பார்த்துக்கொள்ளவும். இறுதிப் போட்டிக்கு வில் அவளிடமே இருக்கட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசியாக ஒன்று. அந்த ரவுட்டரை நேற்று நானே கழற்றி எறிந்துவிட்டேன். புது ரவுட்டர், புதுக் கேபிள்கள். திரையில் பிங் எண் இரண்டு பேருக்கும் தெரிகிறது, இரண்டு பேருக்கும் பதினெட்டு. இருவரும் எதிரெதிராக, ஆளுக்கொரு வில்லோடு பத்து ஆட்டம் ஆடினோம். பத்திலும் அவள்தான் ஜெயித்தாள். கேபிளைத் தடவிப் பார்த்தேன், லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன், எதுவும் சிக்கவில்லை. இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஒன்றும் சிக்காத தராசைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எனவே என் மனைவி என் லேப்டாப்பில் என்ன செய்துவைத்திருக்கிறாள் என்று தீர விசாரித்து, தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.